ஊத்துக்குளிக்கு வந்த அமெரிக்கா

ஊத்துக்குளி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெண்ணெய்! அதற்கப்புறம் கைத்தமலை முருகன். எனக்கு மட்டும் ஆபிரகாம் லிங்கன் ஞாபகம் வருவார்.

சிரிக்காதீர்கள். 1993-ல் தினமும் காலையில் ஊத்துக்குளி ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்து, திருப்பூர் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போய்ப் படித்தவன் நான். பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருடம். ஒரு கையில் தூக்குப்போசி. இன்னொரு கையில் 'ஐக்கிய அமெரிக்க நாடுகளின் வரலாறு' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்ட பஜார் நோட்ஸ். பரீட்சை நெருங்கிவிட்டால் ரயிலிலேயே உருப்போட ஆரம்பித்துவிடுவேன். 'லிங்கன் 1861, ஆண்ட்ரூ ஜான்சன் 1865, கிராண்ட் 1869, ஹேய்ஸ் 1877...'

எதிர் சீட்டில் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள். அதில் ஒரு அக்கா, செக்கிங் வேலை பார்ப்பவர், கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

''ஏங்கண்ணு, ஆரு இவுங்கெல்லாம்? உங்க பங்காளிகளா?''

பெட்டியே சிரித்தது. ''அமெரிக்கா ஜனாதிபதிங்கக்கா'' என்றேன்.

''அட, அங்கிருந்துதான எங்க கம்பெனிக்கு ஆர்டர் வருது! நீ அவுங்களப் பத்தி இத்தனை படிக்கிறயே... அவுங்களுக்கு நம்மளத் தெரியுமா கண்ணு?''

என்னிடம் பதில் இல்லை. நோட்ஸிலும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போய் நிற்கவே எனக்கு ஒரு முழு வருடம் ஆனது.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். ஊத்துக்குளிப் பையன் எதற்காக அமெரிக்க ஜனாதிபதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும்? அது எப்படி நம் ஊர்ப் பாடத்திட்டத்துக்குள் வந்தது?

சோற்றுக் கஷ்டத்தோடு வந்த கதை அது. 1951-ல் இந்தியாவில் கடும் உணவுப் பஞ்சம். அமெரிக்கா கோதுமை வாங்கக் கடன் கொடுத்தது. 19 கோடி டாலர். கடனென்றால் வட்டி உண்டே! அந்த வட்டியில் 50 லட்சம் டாலர் வரைக்கும் கல்விப் பரிமாற்றத்துக்குச் செலவழிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். நம் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அமெரிக்கப் புத்தகங்கள் வந்தன. நம் ஆசிரியர்கள் அங்கே போனார்கள், அவர்களுடையவர்கள் இங்கே வந்தார்கள். 1964-ல் ஹைதராபாத்தில், உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில், அமெரிக்கன் ஸ்டடீஸ் ரிசர்ச் சென்டர் என்று ஒரு பெரிய நூலகத்தையே திறந்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் கல்லூரி ஆசிரியர்கள் ரயிலேறிப் போய் அங்கே தங்கிப் படித்தார்கள்.

பனிப்போர்க் காலம். ரஷ்யா ஒரு பக்கம் மலிவு விலையில் தமிழ்ப் புத்தகங்களாகவே போட்டுத் தள்ளிக்கொண்டிருக்க, அமெரிக்கா சும்மா இருக்குமா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பின்னால் வந்த பி.எல்.480 கோதுமைக்கு நாம் ரூபாயாகவே பணம் கட்டினோம். அந்த ரூபாயில் 1962-லிருந்து அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் இந்தியப் புத்தகங்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்களும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. அவர்கள் கதை இங்கே வந்தது, நம் கதை அங்கே போனது. நடுவில் கோதுமை!

சரி, எங்கள் வகுப்புக்கு வருவோம்.

எங்கள் கல்லூரியில் அமெரிக்கா மூன்று துண்டாகக் கிடந்தது. வரலாற்றுத் துறையில் ஜனாதிபதிகளும் யுத்தங்களும். ஆங்கிலத் துறையில் அமெரிக்க இலக்கியம். வணிகவியலில் எக்ஸ்போர்ட், எல்.சி., டாலர் ரேட். மூன்று வகுப்பும் ஒரே வராந்தாவில்தான். ஆனால் பக்கத்து வகுப்பில் ஓடுகிற அமெரிக்கா எங்கள் அமெரிக்காதான் என்று எவருக்கும் தோன்றியதில்லை.

எங்கள் பேராசிரியர் ஒருவருக்குத் தோன்றியது. ஹைதராபாத் நூலகத்தில் கொஞ்ச காலம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், வேண்டாம். ஆங்கிலப் பேராசிரியரையும் காமர்ஸ் லெக்சரரையும் எப்படியோ சரிக்கட்டி, புதன்கிழமை கடைசி இரண்டு பீரியடுக்கு மூன்று துறை மாணவர்களையும் ஒரே ஹாலில் உட்காரவைத்தார். இன்றைக்கு இதற்கு 'பல்துறை அணுகுமுறை' என்று பெரிய பெயர் இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் வைத்த பெயர் 'கதம்ப க்ளாஸ்'.

முதல் நாள் வந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. ''வீட்டுல யாராவது பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், பருத்திக் காடு, இதுல எதுலயாவது வேலை செய்யறவங்க இருந்தா கை தூக்குங்க.''

கை தூக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

''அப்ப இந்தப் பேப்பர் உங்க வீட்டுக் கதை. நோட்ஸை மூடி வைங்க'' என்றார்.

முதலில் பருத்தி.

1793-ல் எலி விட்னி என்ற அமெரிக்கர் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் இயந்திரத்தைச் செய்தார். வேலை சுலபமானால் வேலையாட்கள் குறைய வேண்டும்தானே? நேர்மாறாக நடந்தது. கொட்டை நீக்குவது சுலபமானதும் பருத்தி பணம் காய்ச்சி மரமாகிவிட்டது. தென் மாநிலங்கள் முழுக்கப் பருத்திக் காடானது. பறிக்க ஆள் வேண்டுமே... 1790-ல் அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் கறுப்பு அடிமைகள் இருந்தார்கள். 1860-ல் அது சுமார் 40 லட்சம். பிரிட்டன் இறக்குமதி செய்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அவர்கள் கை பறித்ததுதான்.

இது நோட்ஸிலேயே இருந்தது. அடுத்து அவர் சொன்னதுதான் எங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது.

ஒரே நாட்டை நம்பி மில் ஓட்டுவது ஆபத்து என்று பிரிட்டன் பயந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் அனுப்பி, அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்கள் பத்துப் பேரைச் சம்பளம் பேசி, 1840-ல் இந்தியாவுக்குக் கூட்டிவந்தது. விதை, ஜின் இயந்திரம் எல்லாம் கூடவே வந்தன. அவர்களில் சிலர் எங்கே வந்தார்கள் தெரியுமா? கோயமுத்தூருக்கு! அங்கே அமெரிக்கப் பருத்திக்கென்றே சோதனைப் பண்ணைகள் வைத்தார்கள். 1842-லிருந்து அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்து டாக்டர், தென்னிந்தியத் தாவரங்களைப் படம் வரைவித்துத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்த அதே தாவரவியலாளர்.

யோசித்துப் பாருங்கள். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த ஊரிலிருந்து வந்தவர்கள், தலைமுறை தலைமுறையாகப் பருத்தி போட்ட நம் கொங்கு விவசாயிக்குப் பாடம் எடுக்கிறார்கள்! நம்மவர்கள் கேட்டார்களா? 'பார்க்கலாங்க' என்று சொல்லிவிட்டுத் தங்கள் வழியிலேயே விதைத்தார்கள். மண் வேறு, மழை வேறு, செலவும் கட்டவில்லை. 1853-க்குள் பண்ணைக் கதை முடிந்தது.

ஆனால், அமெரிக்கா விடவில்லை. 1861-ல் அங்கே உள்நாட்டு யுத்தம். வடக்கு மாநிலங்களின் கடற்படை தெற்குத் துறைமுகங்களை அடைத்தது. பஞ்சு நின்றது. இங்கிலாந்தின் லங்காஷயரில் மில்கள் மூடின, தொழிலாளிகள் பட்டினி கிடந்தார்கள். இந்தியப் பஞ்சுக்கு ராஜயோகம்! பம்பாயில் பணம் கொட்டியது. 1865-ல் யுத்தம் முடிந்தது. விலை விழுந்தது. பம்பாயில் கம்பெனிகளும் பாங்குகளும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தன. அடிமைகளுக்கு விடுதலை கிடைத்த அதே வருடத்தில், கடல் தாண்டி இங்கே பஞ்சை நம்பிக் கடன் வாங்கியவன் தலையில் துண்டு.

கடைசியில் அமெரிக்கப் பருத்தி நம் ஊருக்கு வந்தே விட்டது, வேறு பெயரில். 1904-05 வாக்கில் சென்னை மாகாணத்துக்கு ஒரு புது ரகம் வந்தது. 'கம்போடியா' என்று பெயர். வந்த வழி கம்போடியா, பூர்வீகம் அமெரிக்கா. கிணற்றுப் பாசனத்தில் ஜோராக வந்ததால் கொங்கு நாட்டில் வேகமாகப் பரவியது. கோயமுத்தூரின் மில்களுக்கு அது தீனி. பின்னால் வந்த 'எம்.சி.யு.' ரகங்களை விவசாயிகளுக்குத் தெரிந்திருக்கும். மெட்ராஸ் கம்போடியா உகாண்டா என்பதன் சுருக்கம்தான் அது.

காமர்ஸ் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். ''எங்க அப்பாரு கம்போடியாதான் போட்டாருங்க சார். அது நம்மூர்ப் பருத்தின்னுதான் இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன்.''

''நூறு வருஷம் கிட்ட ஆச்சில்ல... நம்மூர்தான்'' என்றார் பேராசிரியர்.

இரண்டாவது, ஒரு கதவு.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்றொரு கம்பெனி. பெண்களுக்கான சட்டை தைப்பார்கள். பத்து மாடிக் கட்டடத்தில் மேலே மூன்று மாடிகள் அவர்களுடையது. தைப்பவர்கள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பத்துப் பெண்கள். பதினாலு, பதினாறு, இருபது வயது. மாலை ஷிப்ட் முடியும் நேரம். எட்டாவது மாடியில் கட்டிங் மேஜைக்குக் கீழே குவிந்திருந்த துண்டுத்துணியில் தீப்பிடித்தது.

ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகிறவர்கள் துணியைத் திருடிக்கொண்டு போகிறார்களா என்று பையைச் சோதித்து, ஒரே வழியாக வெளியே விடுவதற்காகப் பூட்டிய கதவு. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. ஜன்னலிலிருந்து குதித்தார்கள். 146 பேர் செத்தார்கள். அதில் 123 பேர் பெண்கள். எல்லாம் அரை மணி நேரத்துக்குள். முதலாளிகள் இருவர் மேல் வழக்கு நடந்தது. விடுதலையாகிவிட்டார்கள்.

ஆங்கிலப் பேராசிரியர் இதை வகுப்பில் சொல்லி முடித்தபோது ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

''சார்... எங்கக்கா கம்பெனியிலயும் நைட் ஷிப்ட்டுக்குக் கேட்டைப் பூட்டிருவாங்க. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும். அவர் டீ குடிக்கப் போயிருவார்.''

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதுவரைக்கும் 82 வருடத்துக்கு முந்தைய நியூயார்க் அது. அந்த நொடியில் ஊத்துக்குளி ரோட்டுக்கு வந்துவிட்டது.

பேராசிரியர் மீதிக் கதையைச் சொன்னார். அந்தத் தீயைத் தெருவில் நின்று பார்த்த ஒரு பெண் உண்டு. பக்கத்தில் சிநேகிதி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்தார். பெயர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். கண் முன்னால் குதித்தவர்களை அவர் மறக்கவில்லை. நியூயார்க்கில் தொழிற்சாலைகளைச் சோதித்துப் புதுச் சட்டங்கள் போட வைத்ததில் அவருக்குப் பங்குண்டு. 1933-ல் ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறைக்கு அமைச்சராக்கினார். அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண்! குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலாளருக்குத் தடை என்றெல்லாம் 1938-ல் சட்டம் வந்ததற்குப் பின்னால் அவர் இருந்தார். நாங்கள் நோட்ஸில் 'நியூ டீலின் சிறப்பம்சங்கள்' என்று பத்து பாயின்ட்டாக உருப்போட்டோமே, அதற்குள் இப்படியொரு தீயின் வெளிச்சம் இருந்தது.

நம் நாட்டில் 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டமும், உள்ளே ஆள் இருக்கும்போது வெளியேறும் கதவைப் பூட்டக் கூடாது என்று சொன்னது. அந்தப் பக்கத்தை எடுத்துவந்து பேராசிரியர் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். ''அக்காகிட்ட கொடும்மா'' என்றார், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து அவள் வந்து சொன்னாள். அக்காவும் கூட வேலை செய்கிற ஐந்து பேரும் சூப்பர்வைசரிடம் போய்ப் பேசியிருக்கிறார்கள். ''பூட்டறது நிக்கலீங்க சார். ஆனா, சாவி இப்ப உள்பக்கம் ஆணியில தொங்குது.''

அந்த வருடம் முழுக்க நாங்கள் படித்த அமெரிக்க வரலாற்றில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் எது என்று என்னைக் கேட்டால், அந்த ஆணியைத்தான் சொல்வேன்.

அந்த ஆணி எவ்வளவு பெரியது என்பது பிற்பாடுதான் புரிந்தது. 2012 நவம்பரில் வங்கதேசத்தில் தஸ்ரீன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளியேற வழி அடைபட்டிருந்தது. நியூயார்க்கில் நடந்து நூறு வருடம் கழித்து, அதே கதவு!

மூன்றாவது, ஒரு டீ கிளாஸ். இதைச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

1960 பிப்ரவரி 1. வடக்கு கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்ற ஊர். உல்வொர்த் கடைக்கு நான்கு கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். கறுப்பர்கள். கடையில் சாமான் வாங்கலாம், ஆனால் சாப்பிடும் கவுன்டரில் உட்காரக் கூடாது. அது வெள்ளையருக்கு. நால்வரும் உட்கார்ந்தார்கள். காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பல பேர் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வாரத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள். பல ஊர்களுக்குப் பரவியது. ஜூலையில் அந்தக் கடை பணிந்தது. நடத்தியவர்கள் எங்கள் வயசுப் பையன்கள்!

வகுப்பில் எல்லோரும் கை தட்டினோம். கடைசி பெஞ்சில் என் ரயில் சிநேகிதன் மட்டும் தட்டவில்லை. சாயங்காலம் ரயிலில் கேட்டேன்.

''உங்கூரு டீக்கடையில எங்களுக்கு எந்த டம்ளர்ல டீ தருவாங்கன்னு பாத்திருக்கியா?'' என்றான்.

பார்த்ததில்லை. அந்தக் கடையில் நூறு தடவையாவது டீ குடித்திருப்பேன். கண்ணாடி கிளாஸில். கூரை ஓரத்தில் தனியாகக் கவிழ்த்துவைத்த அலுமினிய டம்ளர்களை என் கண் பார்த்திருக்கும், மனசு பார்க்கவில்லை. குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும் என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கிரீன்ஸ்பரோ எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது, அது எனக்குத் தெரிந்தது. அலுமினிய டம்ளர் எட்டடி தூரத்தில் இருந்தது, அது தெரியவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். அந்தக் கடைக்குப் போவதை நான் நிறுத்தினேன். அதை வீரம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை பேராசிரியர் ஒரு மாணவரைப் பற்றிச் சொன்னார். 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன இளைஞர். வயது 22. பெயர் பீமாராவ் அம்பேத்கர்.

அவர் அங்கே எடுத்த பாடங்களின் கணக்கைக் கேளுங்கள். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. எங்கள் 'கதம்ப க்ளாஸ்' எந்த மூலைக்கு! எவரும் அவருக்காகத் துறைகளைச் சேர்த்து வைக்கவில்லை. அவரே ஒவ்வொரு கதவாகத் தட்டி உள்ளே போனார். பொருளாதாரத்துக்கு செலிக்மன், தத்துவத்துக்கு ஜான் டூயி. 1916 மே மாதம், மானிடவியல் வகுப்பில் இந்தியச் சாதிகள் எப்படித் தோன்றின என்று ஒரு கட்டுரை படித்தார். அமெரிக்க வகுப்பறையில் உட்கார்ந்து நம் ஊரைத் திறந்து பார்த்தார்.

கொலம்பியாவுக்குப் பக்கத்திலேயே ஹார்லெம், கறுப்பர்கள் குடியேறி வாழ்ந்த பகுதி. அதையும் அவர் மறக்கவில்லை. 1946-ல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. கறுப்பர்களின் பிரச்னையைத் தான் ஒரு மாணவனாகப் படித்துவந்திருப்பதாகவும், அவர்கள் நிலைக்கும் தீண்டப்படாதவர்கள் நிலைக்கும் நிறைய ஒற்றுமை இருப்பதாகவும் எழுதுகிறார். கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதி கிடைக்குமா என்று கேட்கிறார். டு பாய்ஸ் உடனே பதில் போட்டார்.

அதே செலிக்மனிடம் இன்னொரு மாணவரும் படித்தார். நம்மவர். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. ஆடிட்டர், கோட்டு சூட்டுக்காரர். 1928 வாக்கில் கொலம்பியாவில் இருந்தபோது, இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று ஒரு சர்ச்சில் பேசினார். பத்திரிகையில் அது வந்தது. செலிக்மன் படித்துவிட்டு, 'இதையே உன் ஆராய்ச்சித் தலைப்பாக வைத்துக்கொள்' என்றார். பிரிட்டிஷ் வரிவிதிப்பு இந்தியாவை எப்படிச் சுரண்டியது என்று தேடத் தேட, தேடியவரே மாறிப்போனார். ஊருக்குத் திரும்பி 1929-ல் காந்தியைப் பார்த்தார். கோட்டு போயிற்று, கதர் வந்தது. அப்புறம் கிராமத் தொழில், கிராமப் பொருளாதாரம் என்றே வாழ்ந்து, 1960-ல் மதுரையில் இறந்தார்.

ஒரே வாத்தியார், ஒரே ஊர், இரண்டு இந்திய மாணவர்கள். ஒருவர் சாதியைக் கேட்டார். இன்னொருவர் வறுமையைக் கேட்டார். அமெரிக்காவுக்குப் போய் இரண்டு பேரும் படித்து வந்தது இந்தியாவை!

கதம்ப க்ளாஸ் என்ன ஆனது? பரீட்சை வந்தது. கேள்வித்தாளில் 'நியூ டீலின் சிறப்பம்சங்களை விவரி' என்றுதான் இருந்தது. கோயமுத்தூர்ப் பண்ணையும் கேட்கவில்லை, பூட்டிய கதவும் கேட்கவில்லை. பத்து பாயின்ட் எழுதியவனுக்கு நல்ல மார்க். நான் பிரான்சிஸ் பெர்கின்ஸைப் பற்றி நாலு பக்கம் உருகி எழுதி 41 வாங்கினேன். அடுத்த வருடம் டைம்டேபிள் இடம் தரவில்லை. வகுப்பு நின்றுபோனது. மூன்று துறைகளும் மறுபடி மூன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டன.

ஆனால், படித்தது போகுமா? 2008 செப்டம்பரில் நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது திருப்பூரில் ஆர்டர்கள் குறைந்தன. அமெரிக்காவில் வீட்டுக்கடன் கட்டாதவனுக்கும், இங்கே ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனி ஒரு ஷிப்ட்டாக ஆனதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு, 1865 பம்பாய் கதையைச் சொன்னேன்.

2025 ஆகஸ்ட் 27. இந்தியாவிலிருந்து போகிற பெரும்பாலான பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டது. திருப்பூர் பனியன் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி ஒரு போன். கம்போடியாப் பருத்தி போட்ட அப்பாருவின் பேரன்! இப்போது அவன் ஜாப் ஒர்க்கில் இருபத்தைந்து மிஷின் ஓட்டுகிறான்.

''மாப்ள, ஸ்மூட்-ஹாலி ஞாபகம் இருக்குதா?''

இல்லாமல் இருக்குமா? நோட்ஸில் இரண்டே வரி. 'ஸ்மூட்-ஹாலி சுங்கவரிச் சட்டம், 1930. ஜனாதிபதி ஹூவர் கையெழுத்திட்டார்.' கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார நிபுணர்கள் அவருக்கு மனுக் கொடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. மற்ற நாடுகள் பதிலுக்கு வரி போட்டன. ஏற்கெனவே படுத்திருந்த உலக வர்த்தகம் இன்னும் படுத்தது.

''அன்னிக்கு அந்த ரெண்டு வரிய சாய்ஸ்ல உட்டுட்டேன் மாப்ள. இன்னிக்கு அதுல இருந்தே கேள்வி வந்திருச்சு'' என்று சிரித்தான். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம், ''பையருங்க டிஸ்கவுன்ட் கேக்கறாங்க. குடுத்தா நட்டம். குடுக்கலைன்னா ஆர்டர் போயிரும். பன்னெண்டு பேர்த்துக்கு என்னன்னு போய்ச் சொல்றது?'' என்றான்.

எனக்கு அந்தப் பாசஞ்சர் ரயில் ஞாபகம் வந்தது. 'அவுங்களுக்கு நம்மளத் தெரியுமா கண்ணு?'

தெரியாதுங்கக்கா. நம் பீஸ் ரேட் தெரியும், டெலிவரி தேதி தெரியும். பனியன் காலரில் ஒட்டிய சின்ன லேபிளில் 'மேட் இன் இந்தியா' என்று படித்திருப்பார்கள். செக்கிங் டேபிளில் கண் வலிக்க நின்ற உங்களைத் தெரியாது. ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் அவர்கள் ஊரிலும் உங்களை மாதிரிப் பெண்கள் இருந்தார்கள். ஜனாதிபதி பட்டியலில் அவர்கள் பெயர் கிடையாது. அவர்களைத் தேடிப் படித்ததால்தான் எனக்கு உங்களைத் தெரிந்தது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு பெண், காதில் இயர்போன், மடியில் ஜெராக்ஸ் நோட்ஸ். உதடு முணுமுணுக்கிறது. எட்டிப் பார்த்தேன். அமெரிக்க வரலாறுதான்!

''என்னம்மா, பரீட்சையா?''

''ஆமாங்கங்ய்யா. நாளைக்கு.''

''வீட்டுல யாராச்சும் பனியன் கம்பெனியில இருக்காங்களா?''

''அம்மா இருக்காங்க. ஏனுங்?''

ரயில் வந்துவிட்டது. ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருப்பூர் வருவதற்குள் ஒரு கதவின் கதையையாவது சொல்லி முடித்துவிடலாம்.